பிளேட்டை முகர்ந்து பார்த்துவிட்டேன், இப்போது புருசெல்லா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது

வைகைக்கரை_எம்எல்டி | திங்கள், இரவு 8:50

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் மைக்ரோபயாலஜி பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பிளட் கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) வந்தது. ரிக்விசிஷன் ஃபாரத்தில் நோயைப் பற்றி 'காய்ச்சல்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. மூன்றாம் நாள் மெஷின் பாசிட்டிவ் காட்டியது. கிராம் ஸ்டெயின் போட்டுப் பார்த்தேன். மெல்லிய மணலைத் தூவியது போல மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. சாயத்தின் அழுக்கோ என்றுகூட நினைத்தேன்.

பிளட் அகார் பிளேட்டில், அதாவது கிருமி வளர்க்கும் தட்டில், போட்டு வைத்தேன். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் ஊசிமுனை அளவுக்குக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள். என் மேசையில் உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். சேர்ந்த புதிதில் சீனியர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. சூடோமோனாஸ் கிருமி என்றால் திராட்சை வாசனை வரும் என்று எல்லோரும் அப்படித்தான் கற்றோம். அப்புறம் எந்தக் கிருமி என்று அறியும் டெஸ்ட்கள்: ஸ்லைடில் கேட்டலேஸ், பிறகு ஆக்சிடேஸ், யூரியேஸ். யூரியேஸ் சீக்கிரமே இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. கிருமியின் பெயரைச் சொல்லும் ஐடி கிட்டில் மொராக்செல்லா என்ற வேறு கிருமி என்று வந்தது. மனசு ஒப்பவில்லை. பெரிய லேபுக்கு அனுப்பினோம். இன்று மாலை போன் வந்தது: புருசெல்லா மெலிடென்சிஸ், ஆடு மாடுகளிடமிருந்து வருகிற காய்ச்சல் கிருமி.

அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஐந்து மாத கர்ப்பிணி. நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி | திங்கள், இரவு 9:25

அம்மா, முதலில் ஒரு விஷயம். உனக்கு அவகாசம் இருக்கிறது. இந்தக் கிருமி உள்ளே போனாலும் காய்ச்சல் வரப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிலருக்கு ஆறு மாதம் வரைகூட ஆகலாம். அதனால் இன்றிரவு பதறாதே, ஆனால் நாளைக் காலையைத் தவறவிடாதே. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. வீட்டில் உள்ளவர்களை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

நாளைக் காலை முதல் வேலை, அந்தப் பிளேட் திறந்திருந்த நேரத்தில் அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுது. திறந்த மேசையில் பிளேட்டைக் கையாண்டவரும், ஐந்தடிக்குள் நின்றவரும் அதிக ஆபத்தில் உள்ளவர்கள் என்பதுதான் கணக்கு. நீர்த்துளி தெறிக்கிற வேலை நடந்திருந்தால் அறையில் இருந்த எல்லோரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். கேட்டலேஸ் பொங்கியதா? அப்படியென்றால் மூன்று பேரும்தான்.

மூன்று பேரும் நாளையே ரத்தம் கொடுத்து சீரத்தைப் பிரித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் அடிப்படை. அப்புறம் 6, 12, 18, 24-வது வாரங்களில் மறுபடி பரிசோதனை. 24 வாரமும் தினம் காய்ச்சல் பார்த்துக் குறித்து வை. தடுப்பு மருந்தாக வழக்கமாகத் தருவது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம் ஒரு வேளை, 21 நாள். இதை நீயாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ரிஃபாம்பிசின் மற்ற பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும், கருத்தடை மாத்திரை உட்பட. ஈரலையும் கவனிக்க வேண்டும். தொற்றுநோய் மருத்துவரோ பொது மருத்துவரோ எழுதித் தரட்டும். கர்ப்பிணித் தோழிக்கு டாக்ஸிசைக்ளின் ஆகாது. அவருடைய மகப்பேறு மருத்துவரையும் சேர்த்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். நாளையே கூட்டிப் போ.

வைகைக்கரை_எம்எல்டி | திங்கள், இரவு 9:48

நன்றி ஐயா. கேட்டலேஸ் நன்றாகவே பொங்கியது. ஆனால் முகர்ந்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நுண்ணோக்கி | திங்கள், இரவு 10:15

முகர்ந்தது தப்புதான், இனி எந்தப் பிளேட்டையும் முகராதே. ஆனால் அதோடு நிற்காதே. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும் எழும் ஒவ்வொரு குமிழியும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே வீசும். அவற்றில் சிறியவை காற்றிலேயே காய்ந்து ஐந்து மைக்ரானுக்கும் கீழே சுருங்கிவிடும். அவை தரையில் விழாது. அறைக்குள் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். ஈரமான லூப்பை (கிருமியை எடுக்கும் கம்பி வளையம்) அப்படியே நெருப்பில் காட்டும்போது சடசடவென்று தெறிப்பதும், பாட்டிலில் இருந்து ஊசியை உருவும்போது பீய்ச்சுவதும், வோர்ட்டெக்ஸ் மெஷினில் குலுக்கிய டியூபை உடனே திறப்பதும் இதே வகைதான். புருசெல்லா பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே போதும் என்கிறார்கள். ஒரு காலனியில் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

கேட்டலேஸ் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மூடிய டியூபில், பயோசேஃப்டி கேபினட் என்ற காற்று வடிகட்டும் பெட்டிக்குள். காலனியைக் கரைத்து ஐடி கிட்டில் போட்டதிலும் இதே ஆபத்துதான். கிட்டுக்கும் இந்தக் கிருமியைச் சரியாக அடையாளம் தெரியாது. மொராக்செல்லா என்று சொல்லிவிடுவது உலகம் முழுக்கப் பல லேப்களில் நடந்திருக்கிறது. இப்போதைய மால்டி-டாஃப் மெஷினும் சில சமயம் ஆக்ரோபேக்ட்ரம் என்று காட்டிவிடும். மனசு ஒப்பவில்லை என்று வெளியே அனுப்பினாய் பார், அதனால்தான் விஷயம் தெரிந்தது.

சிறுநகர்_லேப் | செவ்வாய், காலை 7:10

நான் சொந்தமாக ஒரு லேப் நடத்துகிறேன். 18 வருடம் ஆகிறது. கிளவுஸ், மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்கிறோம். எங்களில் யாருக்கும் இதுவரை சாம்பிளில் இருந்து எதுவும் வந்ததில்லை. பயோசேஃப்டி கேபினட் சில லட்சம் ஆகும், வருடா வருடம் சரிபார்க்க வேறு செலவு. ஒரு கல்ச்சருக்கு நாங்கள் வாங்குகிற தொகைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் ஒரு மாணவி கிளவுஸ்கூட இல்லாமல் ரத்தம் எடுத்து, சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ரயிலில் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்த்தானே இந்தியாவில் எச்ஐவி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்? வசதி இல்லாமலும் நல்ல வேலை நடக்கும் என்பதுதான் என் எண்ணம்.

நுண்ணோக்கி | செவ்வாய், காலை 8:30

சார், அந்த மாணவி செய்ததை நானும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். அன்று அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. வைரஸ் நாட்டில் இருக்கிறதா என்றே தெரியாத காலம். நாற்பது வருடம் கழித்து நம் ஊழியரை அதே நிலையில் உட்காரவைக்க அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

'யாருக்கும் வந்ததில்லை' என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 1976-ல் பைக் என்ற அமெரிக்க ஆய்வாளர் லேபில் தொற்றிய 3,921 நோய்களைத் தொகுத்தார். அவற்றில் விபத்து என்று சுட்டிக்காட்ட முடிந்தவை 20 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்கு ஊசி குத்தவில்லை, எதுவும் சிந்தவில்லை. வழக்கமான வேலையைத்தான் செய்தார்கள். உங்கள் லேபில் யாருக்காவது மூன்று வாரக் காய்ச்சல் வந்து, டைஃபாய்டு என்று மாத்திரை சாப்பிட்டு, முதுகுவலியோடு நாலு மாதம் அலைந்திருந்தால், அது லேபில் இருந்து வந்தது என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

கேபினட் இல்லாத லேபுக்கு ஒரு வழி இருக்கிறது, அதற்குச் செலவு கிடையாது. மெதுவாக வளர்கிற, மிகச் சிறிய, மங்கலான கிராம் நெகட்டிவ் கோக்கோபேசிலஸ் (கிராம் சாயத்தில் சிவப்பாகத் தெரியும் குட்டைக் கிருமி) என்று பார்த்த அந்த நிமிடமே நிறுத்துங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். மேற்கொண்டு ஒரு டெஸ்ட்கூட வேண்டாம், கிட்டும் வேண்டாம். சந்தேகத்தை எழுதி, மூன்றடுக்குப் பெட்டியில் வைத்து, கேபினட் உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். நிறுத்தத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமைதான்.

முதுநிலை_மாணவன் | செவ்வாய், மதியம் 1:05

எங்கள் கல்லூரியில் லாமினார் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஃபில்டர் எல்லாம் உண்டு. சளி மாதிரிகளை அதில்தான் வைத்துச் செய்கிறோம். அது போதும்தானே?

நுண்ணோக்கி | செவ்வாய், மதியம் 2:20

தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். லாமினார் என்று நாம் சொல்லும் அந்த மேசை, வடிகட்டிய காற்றைப் பின்னாலிருந்து வேலை செய்கிறவர் முகத்தைப் பார்த்து வீசுகிறது. கிருமி வளர்க்கும் மீடியாவில் தூசு விழாமல் காக்கச் செய்தது அது. நோயாளியின் சளியை அதற்குள் வைத்தால், கிருமியை எடுத்து உங்கள் மூக்கில் ஊதுகிற இயந்திரமாகிவிடும். அதைவிடத் திறந்த மேசையே மேல்.

இரண்டாம் வகுப்பு பயோசேஃப்டி கேபினட் வேறு. அது முன்பக்கத் திறப்பு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும், அது உங்களுக்குப் பாதுகாப்பு. மேலிருந்து வடிகட்டிய காற்று இறங்கும், அது மாதிரிக்கு. வெளியே போகும் காற்றும் ஹெப்பா வடிகட்டியைத் தாண்டித்தான் போகும். எது எது என்று தெரியவில்லையா? திறப்பின் ஓரத்தில் மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். வெளியே பறந்தால் அது லாமினார். உள்ளே இழுபட்டால் கேபினட். இது எந்த வகை என்று அறிய மட்டும்தான். கேபினட் சரியாக வேலை செய்கிறதா என்பதை வருடத்துக்கு ஒரு முறை அதற்கான ஆள் வந்து அளந்துதான் சொல்ல வேண்டும்.

கேபினட்டே இருந்தாலும் மேலே சீலிங் ஃபேன் ஓடினால் அந்தக் காற்றுத் திரை கலைந்துவிடும். முன்பக்க ஓட்டைகளின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைப்பதும் அப்படியே. உள்ளே பன்சன் பர்னர் எரிப்பதையும் விடுங்கள், ஒரு முறை பயன்படுத்தி எறியும் லூப் வாங்கிக்கொள்ளுங்கள்.

கால்நடை_மருத்துவர் | செவ்வாய், மாலை 6:40

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். இது எங்கள் பக்கத்து நோய். மாடு கன்று வீசினால், ஆடு குட்டி வீசினால் (கரு கலைந்து விழுந்தால்), முதலில் எங்களுக்கு வரும் சந்தேகம் இதுதான். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கொட்டிக் கிடக்கும். நம் ஊரில் அதை வெறுங்கையால் எடுத்துப் போடுகிறார்கள், சில இடங்களில் நாய்க்கு இழுக்க விட்டுவிடுகிறார்கள். கிடை ஆடுகள் ஊர் ஊராக நகர்வதால் எங்கே தொற்றியது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம். அதில் இருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளும்போது ஊசி போடுகிறவர் கையிலேயே குத்திக்கொள்வது உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஆகி, ஒரு மாதம் கழித்துக் காய்ச்சலும் இரவு வியர்வையுமாகப் படுத்தார். அவர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தபோது 'தடுப்பூசி ஊசி குத்தியது' என்று யாரும் ஃபாரத்தில் எழுதவில்லை. அந்த லேபில் அவர் பாட்டிலைத் திறந்தவர் யாரோ, அவருக்கு என்ன ஆயிற்றோ என்று இதைப் படித்தபின் யோசிக்கிறேன்.

தங்கையிடம் ஒரு கேள்வி. உங்கள் நோயாளி என்ன தொழில்?

வைகைக்கரை_எம்எல்டி | செவ்வாய், இரவு 9:30

சார், இன்றைக்கு அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். காலையில் மூன்று பேரும் ரத்தம் கொடுத்துவிட்டோம். எனக்கும் இன்னொருவருக்கும் மாத்திரை தொடங்கிவிட்டது. கர்ப்பிணி அக்காவை அவருடைய டாக்டர் வேறு மருந்து பற்றிப் பேசிவிட்டு நாளை வரச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அந்த நோயாளியைப் பார்த்த டாக்டரிடம் போனேன். "ஆமாம், ஆட்டுக்கிடை போடுகிறவர். இரண்டு மாதமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, இடுப்பு வலி. எனக்கே புருசெல்லா சந்தேகம் இருந்தது" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் பேச்சே வரவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஃபாரத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலை நான் மேசையில் திறந்தே இருக்க மாட்டேன்.

வெளியே பேச வேண்டாம் என்று நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறார்கள். விபத்துப் பதிவேட்டில் மட்டும் நானே எழுதிவிட்டேன்.

டியூட்டி_டாக்டர் | செவ்வாய், இரவு 11:15

நான் பொது மருத்துவம். இதைப் படித்து வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். 'காய்ச்சல்', இல்லாவிட்டால் 'பி.யு.ஓ.', அதாவது காரணம் தெரியாத காய்ச்சல். ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கும்போது ஃபாரம் என்பது நர்ஸ் நிரப்புகிற ஒரு தாளாகிவிட்டது. நோயாளியிடம் ஆடு மாடு உண்டா, காய்ச்சாத பால் குடித்தீர்களா என்று கேட்கிறேன், என் கேஸ் ஷீட்டில் எழுதுகிறேன். அது லேபுக்குப் போவதில்லை. அந்தப் பாட்டிலை இன்னொரு மனிதர் திறக்கப் போகிறார் என்ற நினைப்பே வந்ததில்லை.

டாக்டருக்கும் இதில் லாபம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சந்தேகத்தை எழுதினால் லேப் அந்தப் பாட்டிலை வேறு கண்ணோடு பார்க்கும், மங்கலான புள்ளிகளை அழுக்கு என்று ஒதுக்காது. நோயாளிக்கு ஆறு வார மருந்து சீக்கிரம் தொடங்கும்.

வன்னி_எம்எல்ரி | புதன், காலை 6:20

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இதே பாடம் மெலியோய்டோசிஸில் கிடைத்தது. மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கிற பேர்க்கோல்டேரியா கிருமி. இங்கே 1927-லேயே ஒரு நோயாளியைப் பதிவு செய்திருந்தும், பிறகு பல காலம் பெரிதாகத் தேடவில்லை. தேடத் தொடங்கிய பிறகு தீவு முழுவதும் கிடைக்கிறது. மழைக்காலம், வயல் வேலை, நீரிழிவு, விடாத காய்ச்சல் அல்லது ஈரலில் சீழ். இந்த நான்கும் படிவத்தில் இருந்தால் ஆய்வுகூடத்தில் நாங்கள் அந்தப் பிளேட்டைத் திறந்த மேசைக்கு எடுப்பதில்லை.

சூடோமோனாஸ்தானே என்று விட்டுவிடுகிற இடமும் இதுதான். இதற்கு மண்வாசனை உண்டு என்று பழைய ஆட்கள் முகர்ந்து பார்ப்பார்கள், நாங்கள் அதை நிறுத்தி வெகுகாலம். மணக்காமலே சந்தேகப்பட வழி இருக்கிறது: ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டமைசின், கோலிஸ்டின் மருந்துகளுக்குக் கேட்காது, ஆனால் கோ-அமாக்சிகிளாவ் மருந்துக்குக் கேட்கும். தமிழ்நாட்டிலும் இந்தக் கிருமி இருக்கிறது. புருசெல்லாவோடு இதையும் உங்கள் லேப் சுவரில் எழுதி ஒட்டுங்கள், தங்கச்சி.

முதுநிலை_மாணவன் | புதன், மாலை 4:00

எங்கள் துறைத் தலைவரிடம் டிஷ்யூ தாளைப் பிடித்துக் காட்டினேன். வெளியேதான் பறந்தது. சளி வேலையை இன்றே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு சந்தேகம், பிளேட் கீழே விழுந்து உடைந்தால் ஹைப்போ (கிருமி கொல்லும் ப்ளீச் கரைசல்) ஊற்றித் துடைத்தால் போதுமா?

நுண்ணோக்கி | புதன், மாலை 5:30

உடனே துடைக்கக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். அரை மணி நேரமாவது விடுங்கள், மிதக்கிற துளிகள் அடங்கட்டும். பிறகு என்95 மாஸ்க், கிளவுஸ், கவுனோடு உள்ளே போய், சிந்திய இடத்தைத் தாளால் மூடி, ஒரு சதவீத ஹைப்போவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றுங்கள். நேராக நடுவில் ஊற்றினால் அதுவே தெறிக்கும். இன்னொரு அரை மணி ஊறட்டும். கண்ணாடித் துண்டைக் கையால் எடுக்காதீர்கள், இடுக்கி எடுங்கள்.

ஹைப்போவைத் தினம் புதிதாகக் கலக்க வேண்டும். வெயிலில் வைத்த கேனில் இருப்பது ஒரு மாதத்தில் வெறும் உப்புத்தண்ணீர் போலத்தான். இது சின்ன விஷயமாகத் தெரியும். 2019-ல் சீனாவின் லான்ஜோவில் ஒரு கால்நடைத் தடுப்பூசி ஆலையில் காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தினார்கள். கழிவுக் காற்றில் புருசெல்லா சாகாமல் வெளியேறி, காற்று வீசிய திசையில் பரவியது. 10,000-க்கும் அதிகமானவர்களுக்குப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தது. ஆலைக்குள் கால்கூட வைக்காதவர்கள்தான் பெரும்பாலும்.

இன்னொன்று, ஆர்என்ஏ பிரிக்கிற கிட்டின் லைசிஸ் திரவம் சிந்தினால் அதன் மேல் ஹைப்போ ஊற்றவே கூடாது. அதில் குவானிடின் இருக்கும், நச்சுவாயு வரும்.

சிறுநகர்_லேப் | வியாழன், காலை 9:15

நேற்று எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். கேபினட் இப்போதைக்கு என்னால் வாங்க முடியாது, அதை மறைக்கவில்லை. ஆனால் நிறுத்தி, டேப் ஒட்டி, அனுப்புவதை இன்று முதல் செய்கிறோம். முகர்வதற்குத் தடை. என்னிடம் சாம்பிள் அனுப்புகிற ஏழு கிளினிக்குக்கும் நானே போய், 'நோயாளியின் தொழில், ஆடு மாடு தொடர்பு' என்ற வரியை நிரப்பாமல் வந்தால் போன் செய்து கேட்போம் என்று சொல்லப் போகிறேன். என்னிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் முடிந்ததா என்று கேட்டேன். ஒருவருக்கு ஒன்றோடு நின்றிருக்கிறது. நான் இதுவரை கேட்டதே இல்லை.

வைகைக்கரை_எம்எல்டி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:00

அன்று பதில் எழுதிய எல்லோருக்காகவும் இது. 21 நாள் மாத்திரையை முடித்துவிட்டோம். இரண்டாம் வாரத்தில் வயிற்றைப் புரட்டியது, ஆனால் விடவில்லை. அக்காவும் அவருடைய டாக்டர் கொடுத்ததை முடித்துவிட்டார், குழந்தை நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள். ஆறாவது வார ரத்தப் பரிசோதனையில் மூன்று பேருக்கும் நெகட்டிவ்.

கேபினட்டுக்கு ஒப்புதல் கேட்ட கடிதம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் ஃபாரத்துக்கு நானே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிட்டேன். 'தொழில் / ஆடு, மாடு / பச்சைப்பால் / வயல் வேலை / எத்தனை நாள் காய்ச்சல் / டாக்டரின் சந்தேகம்'. வார்டுக்குப் போகும் ஒவ்வொரு ஃபாரக் கட்டிலும் குத்தி அனுப்புகிறேன். முதல் வாரம் காலியாகவே வந்தது. காலியாக வந்தவற்றுக்கெல்லாம் போன் செய்தேன், சில டாக்டர்கள் எரிச்சல்பட்டார்கள். போன புதன்கிழமை ஒரு பாட்டிலோடு வந்த ஃபாரத்தில், அதே டாக்டர் தன் கையால் 'கறவை மாடு, கன்று வீசியது, 5 வாரக் காய்ச்சல், புருசெல்லா இருக்கலாம், கவனம்' என்று எழுதியிருந்தார். மெஷின் பாசிட்டிவ் காட்டியதும் அந்தப் பாட்டிலைத் திறக்காமலேயே பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன்.

எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை 12-வது வாரம். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.